பயமில்லாத பிள்ளை

பெல்மதுளையிலிருந்து இரத்தினபுரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரே தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். மூத்தவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"அட்டை கடிச்சப்பவே எங்களுக்கு வெளங்கியிருக்கணும்."

"யாரையக்கா கடிச்சது?"

"எங்க சின்னவனத்தான். சின்ன வயசுல நாங்க கொழுந்து எடுக்கிற மலைக்கு வருவான். காலெல்லாம் ரத்தம் ஓடும். மத்த புள்ளைங்க அழும், இவன் கண்டுக்கவே மாட்டான். பயமில்லாத புள்ள, பைலட்டாக்குங்கன்னு லயத்து சனமே சொல்லிச்சு."

"அதுக்குத்தானே படிச்சாரு?"

"பிளேன் ஓட்டப் படிச்சிட்டான். ஆள ஏத்தி சம்பளத்துக்கு ஓட்டணும்னா பெரிய லைசன் வேணும். அதுக்கு கண்ண செக் பண்ணினாங்க. சிவப்பும் பச்சையும் அவனுக்கு பிரிச்சுத் தெரியாதாம். பொறந்ததுல இருந்தே."

"மொதல்ல பாக்கலியா?"

"மொத லைசனுக்கு இவ்வளவு பாக்கலியாம்."

"கண்ணாடி போட்டா சரிவராதா?"

"கண்ணாடியும் இல்ல, மருந்தும் இல்லயாம். பெரியவன் டுபாயில கெடந்து இவன படிக்க வச்சான். அவன்கிட்ட இன்னும் சொல்லல."

"இப்ப வீட்டுலயா இருக்காரு?" என்றார் இளையவர்.

"ம். நேத்து எனக்கு சோறு எடுத்துக்கிட்டு மலைக்கு வந்தான். கால்ல ரத்தம் வழியுது. 'தம்பி, ரத்தம்'னேன். குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தான். 'சேறுன்னு நெனச்சேம்மா'ன்னான்."

பஸ் ஒரு ஹோல்டில் நின்று கிளம்பியது.

"அப்புறம் சொல்றான், 'சின்ன வயசுலயும் சேறுன்னுதாம்மா நெனச்சேன்.'"