நாற்பத்தொரு விநாடி

ஹம்சிகா பிள்ளை, எங்கள் சேர்ந்திசைச் சங்கத்தில் பிராக்டிஸ் நாளில் யாரும் இஞ்சித் தேநீர் குடிப்பதில்லை. ஐம்பது வருடமாகக் கொத்தமல்லித் தண்ணீர்தான். ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை.

ஐம்பதாவது ஆண்டு மலருக்குச் சங்கத்தின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீர். எழுதித் தந்துவிட்டேன். அச்சகத்துக்கும் போயிருக்கும். போகிற போக்கில் வாசலில் நின்று, "அம்மாவைப் பற்றியும் ஒரு பந்தி எழுதுங்கோ அன்ரி. அண்டைக்கு அவ கடைசியாப் பாடேக்குள்ள பக்கத்தில நிண்டது நீங்கள்தானே" என்றீர். அந்தப் பந்தி இரண்டு பக்கத்துக்குள் அடங்கவில்லை. இது மூன்றாவது தாள்.

முதல் இரண்டு பக்கத்திலும் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. கொழும்பு கொட்டாஞ்சேனையில், தபால் கந்தோரில் வேலை செய்த பொன்னம்பலம் ஐயா பதினொரு பேரைச் சேர்த்துத் தொடங்கினார். எண்பத்திமூன்றுக் கலவரத்தில் ஆர்மோனியமும் பாட்டுக் கொப்பிகளும் மண்டபத்தோடு எரிந்தன. பாதிப் பேர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். மிஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து மண்டபமொன்றின் மேல்மாடியில் ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டர் திரும்பவும் ஆரம்பித்தார். ரயில் போகும்வரை கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்து, அதன் பிறகு பாட்டைத் தொடங்குகிற சங்கம் இந்த ஊரில் எங்களுடையது மட்டும்தான். நத்தாருக்குக் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பாடுவோம், பொங்கலுக்கு வெள்ளவத்தையில். பாடி ஒருவரும் ஒரு சதமும் உழைத்ததில்லை. எல்லாம் ஆசைக்குத்தான்.

மாஸ்டரின் பெருமை எங்கள் மூச்சு. 'கடல் வணக்கம்' என்று அவர் எழுதிய பாட்டின் முடிவில் ஒரு நீண்ட சுரம் வருகிறது. முப்பத்தாறு பேர் பிடிக்கும் சுரம். ஒருவர் மூச்சு எடுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் எடுக்கக்கூடாது. அவர் குரல் விட்ட இடத்தை இவர் கொஞ்சம் கூட்டிப் பாடி நிரப்ப வேண்டும். சபையில் இருப்பவருக்கு ஒருவர்கூட மூச்சு எடுத்ததாகத் தெரியக்கூடாது. வருடக்கணக்காகப் பழகினால் இது யோசிக்காமலே வந்துவிடும். பக்கத்துக் குரல் நின்றால் நம் குரல் தானாக எழும்பும். ஏன் நின்றது என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

அந்தப் பாட்டின் தனிக்குரலை இருபத்திரண்டு வருடம் நான் பாடினேன். பிறகு உம்முடைய அம்மா சுபோதினி வந்தா. கிருலப்பனையில் இருந்து பஸ்ஸில் வருவா, வந்ததும் எல்லாரையும் சிரிக்க வைப்பா. குரலும் நல்ல குரல். மாஸ்டர் தனிப்பாடலை அவவுக்குக் கொடுத்தபோது முதலில் கை தட்டியது நான். அதைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் இருந்ததில்லை. இதை நீர் நம்ப வேண்டும்.

அவவுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு, இருந்தது உமக்குத் தெரியும். வாயில் வைத்து அடிக்கிற நீல நிறப் பம்ப் ஒன்று எப்போதும் கைப்பைக்குள் கிடக்கும். நிகழ்ச்சி நாளில் கைப்பைகளை நான் வாங்கி ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டுவேன். தனிக்குரல் பாடுபவர் கையில் பாட்டு ஃபைலும் இருக்கக்கூடாது, எல்லாம் மனப்பாடமாகப் பாட வேண்டும். அப்படியானால் பம்பை எங்கே வைப்பது? மாஸ்டர்தான் வழி சொன்னார். பக்கத்தில் நிற்கிற என்னுடைய கறுப்பு ஃபைலின் உள்பையில் அது இருக்கட்டும். அவ விரலால் ஃபைலைத் தட்டினால் நான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

ஒரு வருடத்து ஒலிப்பதிவில், கடைசிச் சுரத்தின் நடுவில் பம்பின் 'புஸ்' என்ற சத்தம் விழுந்துவிட்டது. மாஸ்டர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை. முப்பத்தைந்து பேரின் உழைப்பு, பிள்ளை. ஒருவருக்காக அது உடையலாமா?

இனி அந்த மாலை. நீர் முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தீர். பதினான்கு வயது. ஊதாச் சேலையில் அம்மா ஓரடி முன்னுக்கு வந்து பாடினா. மிக நன்றாகப் பாடினா, அதை மலரிலும் போட்டிருக்கலாம். பாடிவிட்டு வரிசைக்குத் திரும்பும்போதே நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. கடைசிச் சுரம் ஆரம்பித்தது. அவவுடைய விரல் என் ஃபைலைத் தட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. நான் தாளைத் திருப்பினேன்.

அவ குரல் நின்றது. முன்னால், பின்னால் நின்றவர்கள் தங்கள் குரலைக் கூட்டினார்கள். பழக்கம் அப்படி. மாஸ்டர் கடைசிச் சுரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வார். அவ சாய்ந்தா. நான் என் கையை அவ கைக்குள் கோத்து நிமிர்த்திப் பிடித்தேன். கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டு சிநேகிதிகள் கை கோத்து நிற்பதாகத் தெரிந்திருக்கும். சுரம் உடையவில்லை. மாஸ்டரின் கை இறங்கியபோது நாற்பத்தொரு விநாடி. ஐம்பது வருடத்தில் எங்களுடைய மிக நீண்ட கடைசிச் சுரம் அதுதான்.

கைதட்டலுக்குள் நீர்தான் எழும்பிக் கத்தினீர். "அப்பா, அம்மாவுக்கு ஏலாமக் கிடக்கு!"

"பம்ப் எங்க, அருந்ததி?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அறையுக்குள்ள விட்டிட்டன் மாஸ்டர்" என்றேன்.

சாவியையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு போனேன். ஓடவில்லை, சேலையோடு படியில் ஓடக்கூடாது. அறையைத் திறந்து, உள்ளே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பம்பை நீட்டியபோது அதை வாங்க அவவுக்குக் கை எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்தது.

மறதி யாருக்கும் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். உம்முடைய அப்பா, செத்த வீட்டில், என் தோளில் கை வைத்து, "அக்கா, நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லாதேங்கோ" என்றார். நான் குற்றம் சொல்லவில்லை.

அடுத்த வருடம் தனிக்குரலை நான் பாடினேன். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு மாஸ்டர் அந்தப் பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஹம்சிகா. அந்த ஒலிப்பதிவை நாள்தோறும் கேட்கிறேன். இருபத்தொன்பதாவது விநாடியில் ஒரு மூச்சு இழுபடுகிறது. பதிவு செய்த ராகுலனிடம் போட்டுக் காட்டினேன். "அது ஃபேன் சத்தம் அன்ரி" என்றார். நிகழ்ச்சியில் நாங்கள் ஃபேன் போடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். பிராக்டிஸில் எல்லாரும் மூச்சு எடுத்து முடிந்த பிறகும் என் வலப்பக்கத்தில் ஒன்று மிஞ்சிக் கேட்கும். பட்டப்பகலில், சமையலறையில் நிற்கும்போதும் கேட்கும். எட்டு வருடமாக, அவ நின்ற அந்த இடத்தில் நான் ஒருவரையும் நிற்க விடவில்லை.

இந்தத் தையில் நீர் சங்கத்துக்கு வந்து, "இது காலியாத்தானே கிடக்கு அன்ரி" என்று சொல்லி நேராக அங்கேயே நின்றீர். அதே குரல். அதே தொய்வு. இப்போது கேட்பது யாருடைய மூச்சு என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

ஒன்று மட்டும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அறைக்குள் அன்று ஒன்றும் இருக்கவில்லை. பம்ப் முழு நேரமும் என் ஃபைலுக்குள்தான் கிடந்தது. நாற்பத்தொரு விநாடியும் என் பெருவிரல் அதன்மேல்தான் இருந்தது. அறைக்குள் போய்த்தான் அதை வெளியே எடுத்தேன். எல்லாம் அந்தச் சுரத்துக்காக. வேறெதற்காகவும் இல்லை.

ஐம்பதாவது ஆண்டுக்காக மாஸ்டர் 'கடல் வணக்க'த்தைத் திரும்ப எடுத்து, தனிக்குரலை உமக்குத் தந்திருக்கிறார். உம்முடைய பம்பையும் என் ஃபைலில் வைக்கச் சொல்லிவிட்டார். பழைய ஒழுங்குதான். நேற்று நீர் சிரித்துக்கொண்டே அதை என் கையில் தந்தீர்.

இந்தத் தாளைச் சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்த பிறகு உம்மிடம் தருவதாக இருக்கிறேன். இப்போதே தந்தால் உம்முடைய மனம் குழம்பும், பாட்டுக் கெட்டுவிடும். நீர் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். அன்றைக்கு உமக்கு ஏலாமற் போனாலும் தனிக்குரல் எனக்கு இன்னும் மனப்பாடம்.