எந்தக் காதுல வச்சிருக்க?

ஹலோ... அக்கா, நான்தான். ஆஸ்பத்திரிலேருந்து... ஆமா, ஆமா, சேத்துக்கிட்டாங்க. நாளைக்குக் காலைல ஆபரேஷன், மொத ஆளே நான்தான்... ஆங், சிரைச்சாச்சு. காதுக்குப் பின்னாடி மட்டும். ஒரு பக்கம் ஆடு மேஞ்சுட்டுப் போன மாதிரி இருக்கு... சிரிக்காத... சரி, சிரி. நல்லா சிரி. அதக் கேக்கத்தானே போன் பண்ணேன்.

இல்லக்கா... இந்தத் தடவ காது மிஞ்சாது. இடது காது போன ஆபரேஷன்லயே போச்சு. இது வலது. கட்டி நரம்போட ஒட்டிக்கிட்டு வளந்திருக்கு. எடுத்தா நரம்பும் சேந்து வந்துடும்... விட்டா மூளைய அமுக்கும்க்கா. இப்பவே பாத்ரூம் போனா தரை எனக்கு முன்னாடி நடக்குது... மெஷினா? கேட்டேன். நரம்பே இல்லாம மெஷின் யார்கிட்டப் பேசும்னாரு டாக்டர்.

வேலையா?... ஹெட்போன மாட்டிக்கிட்டு நாள் பூரா ஊர்ல உள்ளவன் புகாரையெல்லாம் கேக்குற வேலை. இனிமே ஒருத்தனும் என்னைத் திட்ட முடியாது. அவ்ளோதான் லாபம்.

இவளா? கீழ மருந்து வாங்கப் போயிருக்கா... பாவம்தான். ஆபரேஷனப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் குடுத்தாங்கல்ல... அதான், உனக்குக்கூட போட்டோ எடுத்து அனுப்பினேனே. ரெண்டு பேரும் படிச்சோம். காலைல சிஸ்டர் வந்து, என்ன புரிஞ்சுது சொல்லுங்கன்னாங்க. கேக்குறது திரும்பி வராதுன்னு போட்டிருக்குன்னேன் நான். இவ, மொக நரம்பக் காப்பாத்தப் பாப்பாங்க, முழுங்கக் கொஞ்ச நாள் சிரமப்படுவாரு, பக்கத்துல ஆள் இருக்கணும்னு அடுக்கிக்கிட்டே போறா. சத்தியமா அதுல ஒண்ணுகூட என் மண்டைல இல்ல. அதே பக்கம்க்கா!... சிஸ்டர் சிரிச்சாங்க. காது போறவர் படிச்சா ஒண்ணு நிக்கும், கூட இருந்து பாக்குறவங்க படிச்சா வேற நிக்கும், எல்லாரும் அப்படித்தான்னாங்க.

ஆமா, நீயும் படிச்சியே. உனக்கு என்ன நின்னுது?...

ஹலோ?... இருக்கியா?... என்னது? கூடப் பொறந்தவங்களுக்கா?... அப்படி ஒரு வரியே இல்லக்கா. இரு. தலகாணிக்கு அடிலதான் இருக்கு... 'ரெண்டு காதுலயும் கட்டி வந்தா குடும்ப வழியா இருக்கலாம்... கூடப் பொறந்தவங்களும் பாத்துக்கணும்...' ஆமா. இருக்கு. எத்தன தடவ படிச்சிருப்பேன்.

அப்பாவா?... ஆமா. சுவத்தப் புடிச்சுக்கிட்டேதான் வருவாரு. குடிச்சிட்டு வந்திருக்காருன்னு அம்மா கதவத் தெறக்காம உக்காந்திருப்பா... கூப்பிட்டாலும் திரும்பமாட்டாரு. திமிருன்னு நெனச்சோம்... ஐயோ, ஆமாக்கா.

ஏன் இப்ப இதெல்லாம் கேக்குற?... அக்கா. உனக்கு மட்டும் ஏன் அந்த வரி நின்னுது?... மழுப்பாத... காதுல இரைச்சலா? எப்பலேருந்து?... மாமாவுக்குத் தெரியுமா?... எனக்காகவா? என் ஆபரேஷன் முடியட்டும்னா? உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?

சரி... சரி, கத்தல. எந்தக் காதுல வச்சிருக்க போனை?... அத எடுத்து மத்ததுல வை... வைன்னா வைக்கா. நான் பேசறேன். கேக்குதான்னு சொல்லு.

அக்கா... கேக்குதா?...

அக்கா, ஏதாவது சொல்லு... நான் சத்தமாத்தான் பேசறேன். பக்கத்துக் கட்டில்காரரு திரும்பிப் பாக்குறாரு... கேக்குதாக்கா?...

கேக்கல உனக்கு.

சரி, மாத்திக்கோ. பழைய பக்கமே மாத்திக்கோ... பயமா இருக்குக்கா எனக்கு. உள்ள போறதுக்கு இல்ல. முழிச்சதுக்கப்புறம்... இவ வாய் மட்டும் அசையும்...

ஆங்... மாத்திட்டியா?... கேட்டுச்சா? எல்லாமே கேட்டுச்சா?... அப்ப என்ன சொன்னேன், சொல்லு.

சொல்லுக்கா...

சரி, சரி. அழாத. நாளைக்கு இங்க வராத. மாமாவக் கூட்டிக்கிட்டு நேரா ஸ்கேன் எடுக்கப் போ. நான் எங்க ஓடிடப் போறேன்... ஆமா... ஆமாக்கா, சிஸ்டர் வந்துட்டாங்க. போனை வாங்கி வச்சிடுவாங்களாம்.

இல்ல, நான் வைக்கமாட்டேன். நீ மொதல்ல வை... நீ வைக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்கேன்...

வைக்கா.