இரண்டு கார்புரேட்டருக்கு ஒரு காது

“இனிமே காருக்கு என் காது வேணாம்ல?”

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் முன் சீட்டு அம்மா இப்படிக் கேட்டதும், நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தில் அவர் கணவர், அன்று வாங்கி மாட்டிய காது மெஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு பழைய கார் இருக்கிறது போல. அதில் இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே சத்தத்தில் காற்றை இழுத்தால்தான் வண்டி சீராக ஓடுமாம்.

“எனக்குக் கேக்காமத்தான், கார்புரேட்டர்ல சொருகுன ரப்பர் டியூப்போட மறுமுனைய உன் காதுல வச்சு, எது சத்தம் கூடன்னு உன்கிட்டக் கேட்டுக் கேட்டுத் திருகுனேன். இனி உனக்கு அந்தத் தொந்தரவு இல்ல.”

“நான் எப்பத் தொந்தரவுன்னு சொன்னேன்?”

சின்னமனூர் தாண்டியதும் அந்த அம்மாவே திரும்பவும் ஆரம்பித்தார்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சரிபண்ணுறீக, மறுபடி பிசகிருதுல்ல? அது தானாப் பிசகல. சனிக்கிழமை நான்தான் கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் திருப்பி விட்டுருவேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“திருகுல மஞ்சத்தூள் ஒட்டியிருக்கும். சமையக்கட்டுலருந்து கையக் கழுவாமத்தான வருவ?”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா விட்டுருவியே.”

அவர் மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். “ஞாயித்துக்கிழமை இது இங்கனதான் கெடக்கும்.”

“அதுக்கு இப்பவே ஏன் கழட்டுறீக?” என்று அந்த அம்மா, அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டார்.