வலது மூலையில் ஒரு புள்ளி

சூலூரிலிருந்து கோவை வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். விசைத்தறி ஓட்டுகிறவர்கள் என்று குரலிலேயே தெரிந்தது. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்கள். பஸ் முழுக்கக் கேட்டது.

ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "ஒரு மாசமா தெனமும் ஒரே படம் பாக்கறனுங்க மச்சான். கதை என்னன்னு கேட்டா தெரியாதுங்க."

"அப்புறம் எதைத்தான் பாத்தீங்க மாப்ள?"

"திரையில மேல, வலது மூலையைங்க. ரீல் முடியப் போறப்ப அங்க ஒரு புள்ளி வந்து மறையும். மறுக்கா வாரப்ப ஆபரேட்டர் ரூம்ல அடுத்த மிசின்ல படம் ஓடோணும். நாளான்னிக்கு சினிமா ஆபரேட்டர் லைசென்சுக்குப் பரீட்சைங்க. காலைல கரண்டுப் புஸ்தகம், சாயங்காலம் கொட்டாய்."

"ஊட்ல என்ன சொல்றாங்க?"

"படம் பாக்கறதுக்குத் தறிய உட்டுபோட்டேன்னு பேசறதே இல்லீங்க."

மச்சான் அவர் பக்கம் திரும்பினார். "மெய்யாலுமே புள்ளி வருதுங்களா?"

"எல்லாப் படத்துலயுமுங்க. கண்ணச் சிமிட்டுனா போச்சு."

"வெவரம் தெரிஞ்ச நாளா படம் பாக்கறேன். ஒருக்காக்கூடக் கண்ணுல படலீங்களே."

கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்தியிருந்தார்.

"அப்ப கதையப் பாக்கவே இல்லீங்களா மாப்ள?"

"கடைசி ரீல் மட்டும் பாப்பனுங்க. அதுக்கப்புறம் மாத்தறதுக்கு ரீல் இல்ல பாருங்க, கண்ணு சும்மாதான இருக்குது. தெனமும் அழுதுபோட்டுத்தான் எந்திரிக்கறேன். செத்தது யாருன்னுதான் தெரியலீங்க."