கழுவின தண்ணீர்

கைலாஷ்: அறுபத்தொண்ணா? நூத்துக்கு அறுபத்தொண்ணு லித்தியம்தான் கிடைச்சுதா?

பத்மப்ரியா: ம்ம். மெயில் அனுப்பியாச்சே. பின்னே எதுக்கு ஐ.எஸ்.டி. போட்டுக் கேக்கறேள்?

கைலாஷ்: சிலி பாலைவனத்துலேர்ந்து பொண்டாட்டி குரலைக் கேக்கப்படாதா?

பத்மப்ரியா: குரலைக் கேக்கற மாதிரியா இருக்கு? பேப்பர் திருத்தற வாத்தியார் மாதிரின்னா இருக்கு.

கைலாஷ்: இல்லடீ... திருவனந்தபுரம் லேப்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின குருணை அது. உப்புத் தண்ணிலேர்ந்து லித்தியத்தை மட்டும் பிடிச்சுக்கும், மிச்சத் தண்ணி பூமிக்கே திரும்பிடும். இங்க இவா பாத்தி கட்டி அந்த உப்புத் தண்ணியை ஒன்றரை வருஷம் வெயில்ல வத்த வைக்கறா. கிணத்துல தண்ணியில்லைன்னு ஊர்க்காரா வந்து நிக்கறா...

பத்மப்ரியா: கார் பாட்டரிக்காக எந்த ஊர்க் கிணறும் வத்தப்படாது. கல்யாணத்தன்னிக்கு சாஸ்திரிகள்கிட்டயே சொன்னேளே.

கைலாஷ்: நூத்துக்குத் தொண்ணூறு வந்தா கம்பெனி இங்க நம்ம குருணைக்கு பிளான்ட் கட்டும்.

பத்மப்ரியா: நீங்க இன்னும் மூணு வருஷம் அங்கயே இருப்பேள். தொண்ணூறு வரலைன்னா அடுத்த மாசம் ஆத்துக்கு வருவேள். தெரியும்.

கைலாஷ்: என்ன சத்தம் அங்க... மழையா?

பத்மப்ரியா: துலாமழை, ஐப்பசி பொறந்தாச்சே. இருங்கோ, உங்க சட்டையெல்லாம் கொடியில கிடக்கு.

கைலாஷ்: நான் இல்லாம அதை யார் போட்டுண்டா?

பத்மப்ரியா: யாரும் போட்டுக்கலை. வெறுதே, சும்மா... வாரத்துக்கு ஒருக்க நனைச்சுப் போடறதாக்கும்.

கைலாஷ்: ப்ரியா... கடைசியில லித்தியம் படிஞ்ச அந்த வெள்ளைப் பொடியை வெந்நீர்லதானே கழுவினே?

பத்மப்ரியா: மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை.

கைலாஷ்: பச்சைத் தண்ணில கழுவினா அது கரைஞ்சு போயிடும். சூடு பட்டாத்தான் கரையாம நிக்கும். எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்.

பத்மப்ரியா: நாலு தடவை. பச்சைத் தண்ணில. போதுமா?

கைலாஷ்: தெரிஞ்சுண்டேவா...

பத்மப்ரியா: அந்தத் தண்ணியைக் கொட்ட மனசு வரலை. கேன்ல வச்சிருக்கேன். கொதிக்க வச்சு வத்தவிட்டா எல்லாம் திரும்பி வந்துடும். நாளைக்கே சரியான ரிசல்ட்டை அனுப்பறேன். நீங்க அங்கயே இருங்கோ.

கைலாஷ்: அவசரப்படாதே.

பத்மப்ரியா: ஊர்க்காரா கிணறுன்னேளே... ஆமா, அதே டெஸ்டை நீங்களும் அங்க பண்ணியிருப்பேளே. உங்களுக்கு எவ்வளவு வந்தது? சொல்லவேயில்லை.

கைலாஷ்: ஐம்பத்தெட்டு... நானும் பச்சைத் தண்ணிலதான் கழுவினேன். கொட்டலை. மூணு பாட்டில்ல இருக்கு. அலமாரில, உன் போட்டோவுக்குப் பின்னால.