பதினோரு தடவை பிழைச்ச நாய்

அய்யய்யோ, போனை எடுக்காதீங்கக்கா. பைக்குள்ளயே இருக்கட்டும். கோவமெல்லாம் இல்ல, என் குரலே அப்படித்தான், அதிகம் பேசிப் பழக்கமில்ல. ஏன்னு சொல்றேன், கண்டிப்பா சொல்றேன். முதல்ல ஜிப்பைப் போடுங்க. ம். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

அண்ணன் வெளிய போயிருக்கான், ரிப்பன் வாங்க. சிவப்பு ரிப்பன். அதை நாய் கழுத்துல கட்டி, நீங்க வந்து அவுக்கற மாதிரி, அப்படியே கட்டிப்பிடிச்சு அழற மாதிரி எடுக்கணுமாம். உங்ககிட்ட சொல்லலியா? சொல்ல மாட்டான். முன்னாடியே சொன்னா அழுகை சரியா வராதாம். அண்ணி குளிக்கறா. வீடியோல முகம் காட்டற நாள்னா குளியலே அரை மணி நேரம். அதனால நமக்கு நேரம் இருக்கு.

நாயா? உள் ரூம்ல படுத்திருக்கு. ரெண்டு பஸ் மாறி வந்தவங்க இன்னும் பத்து நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா? ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தெருவுல நாயே இல்லையா? நாலு இருக்கா. அதுங்க வந்து நின்னா என்ன செய்வீங்க? கேட்டைச் சாத்திக்குவீங்க. சரிதான், அதுங்களை யாரும் பாட்டுப் போட்டுக் காட்டலையே. பின்னாடி வயலின் அழுதாத்தான் நமக்கு அது வாயில்லா ஜீவன். இல்லன்னா குப்பையைக் கிளறுற சனியன்.

முகம் சுருங்கிடுச்சு பாருங்க. உங்களை மட்டும் சொல்லலக்கா. எங்க சேனலைப் பதினெட்டு லட்சம் பேர் பாக்கறாங்க, அத்தனை பேரும் இப்படித்தான். கமெண்ட் எல்லாம் படிக்கறது நான்தான். பதில் போடறதும் நான்தான். ரெண்டு கைகூப்பு, ஒரு இதயம். ஒருத்தர் அண்ணனை தெய்வம்னு எழுதியிருந்தாரு. அந்த தெய்வம் அப்ப ஏசியைக் குறைக்கலன்னு அண்ணிகூட சண்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு.

நீங்க எந்த வீடியோல அழுதீங்க? பாழுங்கிணறா. அது ஏழாவது. நொண்டி நொண்டி நடந்துச்சே, அந்த இடத்துலயா? எந்தக் கால் நொண்டிச்சு? ஞாபகம் இல்ல பாத்தீங்களா. வலது முன்னங்கால். அதுக்கு முந்தின வீடியோல இடது.

ஆமாக்கா. ஒரே நாய்தான்.

கழிவுக் குழாய்ல மாட்டிக்கிட்ட கறுப்பு நாய், கல் உடைக்கற பள்ளத்துல கிடந்த சாம்பல் நாய், உங்க கிணத்துச் செம்பட்டை, எல்லாம் உள்ள படுத்திருக்கிற அந்த ஒண்ணுதான். டீத்தண்ணியை ஊத்தித் தேச்சா செம்பட்டை. கரித்தூள் போட்டா கறுப்பு. நெத்தியில வெள்ளையா ஒரு திட்டு உண்டு, அதை அண்ணி புருவப் பென்சிலால அடைச்சிடுவா. ஒரு நாள் பென்சில் தீந்துபோச்சு. போகட்டும்னு திட்டோடயே விட்டோம். பதினெட்டு லட்சம் பேர்ல ஒருத்தருக்காவது தெரியணுமே? ஊஹும். நாயை யாரு பாத்தா? அண்ணன் கண்ணுல தண்ணி வருதா இல்லையா, அதைத்தான் பாத்தீங்க. அவன் ஒரே சட்டையை ரெண்டு தடவை போட்டிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்க.

அவனா, சாக்கடையில இறங்கறதா! நல்லா சொன்னீங்க. வாசல்ல மழைத்தண்ணி தேங்கினாலே செங்கல் போட்டுத் தாண்டற ஆளு. சேத்துல இறங்கற காலு வருதில்ல, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு, அது என் கால். கேமராவை அண்ணிகிட்ட குடுத்துட்டு நான் இறங்குவேன். நாய் மேல வந்தப்புறம் துண்டுல சுத்தி நெஞ்சோட அணைச்சுக்குவான் பாருங்க, அங்க மட்டும்தான் அவன். அந்தத் துண்டும் துவைச்சு இஸ்திரி போட்டது.

எனக்கு நாலு பேர் முன்னாடி நிக்க வராது. காலேஜ்ல மேடை ஏறணும்னாலே முதல் நாள் ஜுரம் வந்துடும். அதனால கேமராவுக்குப் பின்னாடி நிக்கறது வசதியா இருந்துச்சு. படிச்சது என்னன்னு கேளுங்க. விலங்கியல். சிரிக்கலாம், பரவாயில்ல. மணி அடிச்சு மணி அடிச்சு சாப்பாடு போட்டா, அப்புறம் வெறும் மணி அடிச்சாலே நாய்க்கு எச்சில் ஊறும்னு பாடம். பரிட்சையில எழுதி மார்க் கூட வாங்கியிருக்கேன். என் வீட்டுக்குள்ளயே நடந்தப்ப எனக்குத் தெரியல. நீங்க எல்லாம் முட்டாள்னு பேசிக்கிட்டு இருக்கேன் பாருங்க, நான்.

முதல் மூணு தடவை நாங்கதான் இறக்கிவிட்டோம். நாலாவது தடவை கொஞ்சம் தயங்கிச்சு. அஞ்சாவது தடவை, நான் வெளிச்சம் பாக்கறதுக்காக போனைத் தூக்கினேன், அவ்வளவுதான். அதுவா நடந்து போய், பள்ளத்துல இறங்கி, ஒருக்களிச்சுப் படுத்து, காலை மடக்கிக்கிச்சு. யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அண்ணன் கைதட்டினான். எனக்கும் சிரிப்பு வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். எடுத்து முடிச்சதும் அவிச்ச முட்டை குடுப்போம். அதுக்கு விஷயம் ரொம்ப எளிசு. போன் மேல போனா, தான் கீழ போகணும். போனா முட்டை.

இப்பப் புரியுதா, ஏன் ஜிப்பைப் போடச் சொன்னேன்னு.

இருங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கல. போன ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் பிறந்தநாள். அவங்க பின்பக்கத்துல மேஜை போட்டு கேக் வெட்டினாங்க. நம்ம பின்வாசலுக்கும் அதுக்கும் நடுவுல சுவர் கிடையாது. பதினஞ்சு பேர் இருப்பாங்க. கேக் வெட்டறப்ப என்ன செய்வாங்க? பதினஞ்சு போனும் மேல.

நான் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு பதினோராவது வீடியோவை வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தேன். காதுல ஹெட்போன். அந்த நாய் வீடியோவுல முனகவே முனகாதுக்கா, அது பாட்டுக்கு முட்டைக்குக் காத்துக்கிட்டுப் படுத்திருக்கும். முனகல் நான் தனியா சேக்கறது. அன்னிக்கு என்னமோ முனகல் ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. எங்கயோ ஆழத்துலேர்ந்து வர்ற மாதிரி, லேசா எதிரொலியோட. பரவாயில்லயே, கை தேறிடுச்சேன்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன். டீ போடலாம்னு வீடியோவை நிறுத்தினேன்.

முனகல் நிக்கல.

ஹெட்போனைக் கழட்டினேன். இன்னும் தெளிவா கேட்டுச்சு.

அவங்க வீட்டுத் தண்ணித்தொட்டி, தரைக்கு அடியில இருக்குமே, அதோட மூடி திறந்து கிடந்துச்சு. உள்ள கழுத்தளவு தண்ணி. முன்னங்கால் ரெண்டையும் சுவத்துல வச்சுக்கிட்டு மேல பாத்துக்கிட்டு நிக்குது. எவ்வளவு நேரமா நின்னுச்சோ, உடம்பு வெடவெடங்குது. பயமெல்லாம் இல்ல அதுக்கு. ஏன் இன்னும் ஆளைக் காணோம்னு கேக்கற மாதிரிதான் முனகிச்சு. பத்தடி தள்ளி பதினஞ்சு பேர், கேக்கை வாயில ஊட்டறதைப் படம் எடுத்துக்கிட்டு.

நான் குப்புறப் படுத்து, கையை விட்டு, தோளைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டேன். நிமிந்து பாக்கறேன், பதினஞ்சு போனும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கு. யாரோ அச்சச்சோங்கறாங்க, யாரோ கொஞ்சம் நகருங்க முகம் தெரியலங்கறாங்க. நாய் எழுந்து உடம்பை உதறிச்சு. ஒவ்வொரு போனா பாத்துச்சு.

திரும்பி நடந்து போய், மறுபடி தொட்டிக்குள்ள இறங்கிடுச்சு.

அழாதீங்கக்கா. இங்க வயலின் இல்ல, சும்மா அழாதீங்க. தண்ணி வேணுமா?

அண்ணனா? விஷயம் கேட்டதும் ஓடி வந்தான். வந்து அந்தப் பதினஞ்சு பேர்கிட்டயும் வீடியோவை அனுப்பச் சொல்லி நம்பர் குடுத்தான். அப்புறம்தான் அவனுக்கே உறைச்சுது, இது கண்ட இடத்துல தானா குதிச்சா குட்டு உடைஞ்சிடும்னு. அதான் தத்துக் குடுக்கறோம்னு ஒரு அறிவிப்பு, ரிப்பன், நீங்க. நல்ல வீட்டுக்குப் போயிடுச்சு, சுபம். அடுத்த வாரம் வேற நாய். பூனையா இருந்தா இன்னும் நல்லா ஓடுமாம், பேசிக்கிட்டு இருக்காங்க.

ஆயிரத்து இருநூறு பேர் கேட்டிருந்தாங்க. அதுல உங்களை எடுத்தது நான். மத்தவங்க எல்லாம் அதுகூட ஒரு படம் எடுத்துக்கலாமா, அண்ணனை நேர்ல பாக்கலாமான்னு எழுதியிருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் அதுக்குத் தூக்கம் வருதான்னு கேட்டிருந்தீங்க. ஆனா நீங்களும் உள்ள வந்ததும் கையை விட்டது பைக்குள்ளதான். அதான் அப்படி எரிஞ்சு விழுந்தேன். மனசுல வச்சுக்காதீங்க.

வீட்ல கிணறு இருக்கா? தொட்டி? பூட்டுப் போடுங்க. வீட்டுக்குப் பிள்ளைங்க வந்தா போனைத் தூக்கக்கூடாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. இதைப் படம் பிடிக்கற ஆசை இருந்தா இப்பவே கிளம்பிடுங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். சத்தியமா? சரி.

அதோ வருது பாருங்க. நம்ம பேச்சு கேட்டு எழுந்துடுச்சு. பயப்படாதீங்க, உங்களை மோந்து பாக்கட்டும்.

என் காலையே சுத்துதா? சோறு போடற கைன்னு நினைக்கறீங்க. முட்டை குடுக்கறது அண்ணி. இது எங்க காலேஜ் கேண்டீனுக்குப் பின்னாடி இருந்த நாய்க்கா. அப்பெல்லாம் யார்கிட்டயும் வராது, கிட்டப் போனா கடிக்கும். எனக்கும் அங்க பேச்சுத்துணைக்கு யாரும் இல்ல, மூணு வருஷம் மத்தியானம் மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பாதிப் பாதியா தின்னோம். அண்ணனுக்கு முதல் வீடியோவுக்கு நாய் தேவைப்பட்டுது. அவன் கூப்பிட்டா வருமா? நான் கூப்பிட்டேன், வந்துச்சு. வேற யாரு தூக்கியிருந்தாலும் கையைக் கடிச்சு எடுத்திருக்கும். நான் தூக்கினப்ப என் கழுத்துல மூஞ்சியை வச்சுக்கிச்சு. அப்படியே கொண்டுபோய் குழாய்க்குள்ள விட்டேன்.

பாத்ரூம்ல தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு. அண்ணி வந்துடுவா. கழுத்துக் கயித்தைப் பிடிங்க, பின்வாசல் இந்தப் பக்கம். பக்கத்து வீட்டுத் தொட்டியை ஒட்டிப் போகாதீங்க, சுத்திப் போங்க.