‘இன்னும் தெரியலங்க’ என்று தாமே அழைத்துச் சொன்ன குரலுக்கு

இந்நகரில் மின்சாரம் எப்போது போனாலும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். இது வெற்றுப் பெருமையன்று. நம் புகார் அறையின் தொலைபேசியை எடுத்த ஒவ்வொருவரும், எடுத்த ஒவ்வொரு முறையும், இதையே கூறியிருக்கிறோம். கம்பம் சாய்ந்த அன்றும் பத்து நிமிடம். டிரான்ஸ்பார்மர் புகைந்து கருகிய அன்றும் பத்து நிமிடம். சொன்ன சொல் மாறாத சுத்த வீரர்கள் நாங்கள்! மின்சாரம்தான் அவ்வப்போது சொல் தவறியிருக்கிறது.

இத்தகைய மாசற்ற மரபின் நடுவே ஒரே ஒரு கரும்புள்ளியாக வீற்றிருந்த எங்கள் மேற்பார்வையாளரே! அறிந்ததை அளந்தும் அறியாததை அஞ்சாமலும் அறிவித்த அம்மையாரே! இருளில் தவித்தோர்க்கு இனிக்கும் பொய்யை ஈயாத கஞ்சரே! எங்கள் அன்பு மேடமே! வணக்கம்!

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீங்கள் இந்த அறைக்கு இழைத்த கொடுமைகளை, நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நன்னாளில் நினைவுகூர்வது எங்கள் கடமை. தொலைபேசி அடிக்கும். “கரண்ட் எப்பங்க வரும்?” என்பார்கள். நீங்கள் சற்றும் கூசாமல், “தெரியலங்க” என்பீர்கள். தெரியாத காரணத்தால் கேள்வி கேட்கவும் தொடங்குவீர்கள். “உங்க வீட்ல மட்டுமா, எதிர்வீட்லயும் போச்சா? தெரு விளக்கு எரியுதா? போறதுக்கு முன்னாடி சத்தம் ஏதாவது கேட்டுச்சா?” நாங்கள் ஒருவரையும் ஒன்றும் கேட்டதில்லை. எல்லாம் தெரிந்தவனுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

அத்துடன் விட்டீர்களா? பழுது பிடிபடும் வரை மணிக்கொரு தரம் நீங்களே அவர்களை அழைத்து, “இன்னும் தெரியலங்க, தேடிட்டிருக்காங்க” என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டீர்கள். எதைக் கேட்டாலும் ‘நிச்சயம்’ என்று ஆரம்பிப்பதால் நிச்சயம் அண்ணன் என்றே பெயர் பெற்றுவிட்ட நம் லைன்மேன், ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டார்.

“தெரியலன்னு சொல்றதுக்குப் போய் யாராவது மெனக்கெட்டு போன் பண்ணுவாங்களா மேடம்?”

“பின்னே? இருட்டுல உக்காந்திருக்கிறவங்களுக்கு, நம்மள மறந்துட்டாங்களோன்னு ஒரு கவலை வேற எதுக்குப்பா?”

அன்று அறையே சிரித்தது. ‘தெரியல மேடம்’ என்று உங்களுக்குப் பட்டம் சூட்டியவர்களும் நாங்களே. பட்டத்துக்குக் காரணம் தொலைபேசி மட்டுமன்று. எங்கள் பிள்ளைகள் பிறந்த உடனே அவர்கள் என்ன படிப்பார்கள் என்று நாங்கள் முடிவு செய்து வைத்திருந்தோம். உங்கள் மகளைப் பற்றிக் கேட்டால், “அவளுக்கே இன்னும் தெரியலப்பா, நாலு இடம் சுத்திப் பாக்கட்டும்” என்றீர்கள். அந்தப் பெண் கணக்குப் படித்தாள், விட்டாள், மரவேலை கற்றாள். இன்று நாங்கள் சாய்ந்து உட்காரும் நாற்காலிகள் அவள் செய்தவை. எங்கள் பிள்ளைகள் அலுவலகம் விட்டு வந்து யாரோடும் பேசுவதில்லை.

ஆனால் மேடம், சிரிப்பு நின்ற பிற்பகல் ஒன்றும் உண்டு.

அன்று மழை விட்டிருந்தது. ஐந்தாறு தெருக்களில் மின்சாரம் இல்லை. “மூலைக் கம்பத்து பியூஸ் மேடம். நிச்சயம். இதோ போனேன், வந்தேன்” என்று நிச்சயம் அண்ணன் ஏணியோடு கிளம்பிவிட்டார். அப்போது ஓர் அழைப்பு.

“அப்பா ஆக்சிஜன் மெஷின்ல இருக்காருங்க. இன்வெர்ட்டர் சாயங்காலம் வரைக்கும் தாங்கினா பெருசு. கரண்ட் எப்ப வரும்?”

அறையில் இருந்த அத்தனை நாக்குகளிலும் அந்தப் பத்து நிமிடம் தயாராக இருந்தது. நீங்கள் சொன்னீர்கள்: “தெரியலப்பா. எங்க போச்சுன்னே இன்னும் பிடிபடல. இன்னைக்கு வராதுன்னே வச்சுக்கிட்டு ஏற்பாடு பண்ணுங்க.”

“தெரியலன்னு சொல்றதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க?”

“ஆமாப்பா. வேற பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?”

“பாலத்துக்கு அந்தாண்ட அக்கா வீடு.”

“அங்க லைன் வேற. இருந்தாலும் எரியுதான்னு கேட்டுட்டு சொல்றேன், லைன்லயே இருங்க.” மற்றொரு தொலைபேசியில் அந்தப் பக்கத்து அலுவலகத்தைக் கேட்டீர்கள். “எரியுது. அப்பாவைக் கூட்டிட்டு உடனே கிளம்புங்க. அதுக்குள்ள கரண்ட் வந்துட்டா, திரும்பக் கூப்பிட்டு என்னை நல்லாத் திட்டுங்க.”

நிச்சயம் அண்ணன் பியூஸ் போட்டார், அது போயிற்று. மறுபடி போட்டார், மறுபடி போயிற்று. “அங்கதான்னு முடிவு பண்ணிடாதப்பா” என்று சொல்லிவிட்டு, வந்த அழைப்புகளையெல்லாம் நீங்கள் விசாரித்துக்கொண்டே இருந்தீர்கள். குழாய் போடத் தோண்டிய இடத்தில் டப்பென்று சத்தம் கேட்டதாக யாரோ ஓர் அம்மா சொன்னார். மண்ணுக்கடியில் அறுந்து கிடந்தது கேபிள். அதை எடுத்து, இணைத்து, மின்சாரம் வந்தபோது மறுநாள் நண்பகல். அந்த வீட்டு இன்வெர்ட்டர் முந்தின நாள் மாலையே கண்ணை மூடியிருந்தது.

மகன் மீண்டும் அழைத்தார். திட்டவில்லை. “அப்பா பேசணுங்கிறார்” என்று கொடுத்துவிட்டார். இடையிடையே மூச்சு வாங்க ஒரு குரல்: “ஏம்மா... பொண்ணு வீட்டுச் சாப்பாடு வாயில வைக்க முடியல. நான் எப்பம்மா வீட்டுக்குப் போகலாம்?”

“கரண்ட் வந்துடுச்சுங்கய்யா. நிலையா நிக்குமான்னு தெரியல. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு நானே கூப்பிடுறேன்.”

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நிச்சயம் அண்ணன் ஏணியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐயத்தை அணிகலனாய் அணிந்தவரே! தெரியாது என்று சொன்னதால் தேடினீர்கள், தேடியதால் கேட்டீர்கள், கேட்டதால், யாரோ ஓர் அம்மாவின் காதில் விழுந்த சத்தம்கூட உங்களிடம் வந்து சேர்ந்தது. முடிவை முன்கூட்டியே எடுத்துவைத்த நாங்களோ மூலைக் கம்பத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம். உங்களிடம் பணிபுரிந்தோம் என்று சொல்லும்போது எங்கள் குரல் தானாகவே ஒரு படி உயர்ந்துவிடுகிறது. அதை மட்டும் நிச்சயமாகவே சொல்கிறோம்.

நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்வீர்கள் என்று எழுதி முடிப்பது இத்தகைய மடல்களின் மரபு. எழுதியும்விட்டோம். சரிபார்க்க வாங்கிய நிச்சயம் அண்ணன் அந்த வரியிலேயே நின்றுவிட்டார்.

“நூறுன்னு நமக்கு எப்படிடா தெரியும்?”

அடித்துவிட்டோம். கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் அந்த அடித்தல் தெரியும், பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஆகவே மேடம், எத்தனை ஆண்டு என்று எங்களுக்குத் தெரியவில்லை. நிறைய, மிக நிறைய வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கிறது. நாளை முதல் உங்கள் வீட்டுத் தொலைபேசி அவ்வப்போது அடிக்கும். எடுங்கள். சொல்வதற்குச் செய்தி எதுவும் இராது.

“இன்னும் தெரியலங்க மேடம். நீங்க எப்படி இருக்கீங்க?”

இவ்வண்ணம்,
லைனிலேயே இருக்கும்
மின்தடைப் புகார் அறை ஊழியர்கள்